ஒரு போசி மோரும் ஒரு சிவப்புக் கம்பியும்

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோ கண்ணு. எனக்கு வேண்டாம். மலை ஏறினா வாந்தி வரும்னு பயப்படறவங்கதான் ஜன்னலுக்குச் சண்டை போடுவாங்க. எனக்கு எந்த வண்டியிலயும் தலை சுத்தினது கிடையாது. நாமக்கல்லுல லாரி பாடி கட்டுறவரு பொண்டாட்டியா முப்பது வருஷம் இருந்தவ நான். இந்த பஸ்ஸையே எடுத்துக்கோ, பின்னாடி இடது பக்கம் வில்லுப்பட்டை ஒண்ணு தளர்ந்து கிடக்கு. பள்ளத்துல இறங்கறப்ப ‘ணங்’குன்னு கேக்குதா? டிரைவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மடியில என்ன, பரீட்சை நோட்டா? ஓ, டீச்சரா நீ. கொல்லிமலை மேல பள்ளிக்கூடமா? தினமும் இந்த எழுபது வளைவும் ஏறி இறங்கறியா, பாவம். என்ன பாடம்? அறிவியலா! அப்ப உன்கிட்டயே கேக்கறேன். ஒரு காரு. கம்பெனிக்காரன் ஆயிரம் பேரை வச்சு யோசிச்சுச் செஞ்ச காரு. அதுல போயி குறுக்கால ஒரு கம்பியை மாட்டினா வண்டி திருப்பத்துல நல்லா நிக்குமா, நிக்காதா?

வேண்டாம், நீ சொல்லாதே. நானே சொல்றேன். கொல்லிமலை போற வரைக்கும் நேரம் இருக்கு.

என் பையன் பேரு அர்த்தநாரி. நாரின்னுதான் கூப்பிடுவோம். இருபத்தெட்டு வயசு. அவங்கப்பா போனதுக்கப்புறம் பட்டறையை அவன்தான் பாத்துக்கறான். நல்ல பையன். அவனைக் குறை சொல்றேன்னு நினைச்சுக்காதே. நான் யாரையும் குறை சொல்ற ஆளே இல்ல. காலையில விளக்கேத்தி, முருகனைக் கும்பிட்டு, எல்லாரும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்ட பிறகுதான் என் பல்லுல பச்சத்தண்ணி படும். ஆனா அந்தக் காரு விஷயத்துல அவன் ஒரு முட்டாள். பெத்தவ சொல்றேன், முட்டாள்.

தக்காளிப்பழ நிறத்துல ஒரு காரு வாங்கினான். பாத்தா சின்னதுதான். ஆனா எஞ்சின்ல என்னமோ டர்போவாம், அமுக்கினா முதுகை சீட்டோட ஒட்டிரும். சரி, வயசுப் பையன், ஆசைப்பட்டான், வாங்கினான். அதோட விட்டானா? போனைப் பாத்துக்கிட்டே சோறு திம்பான். போன்ல ஒருத்தன் காருக்கு அடியில படுத்துக்கிட்டு இங்கிலீஷ்ல பேசுவான். இவன் தட்டுல ரசம் ஆறிப்போய்ச் சோறு ஊறிக் கிடக்கும். ஒரு நாள் கோயமுத்தூருக்குக் கிளம்பிட்டான். அங்க ஒரு கடை. நானும் கூடப் போனேன். கடைக்காரன் தொப்பியைப் பின்பக்கமாத் திருப்பிப் போட்டிருந்தான். தன் தலையில தொப்பி நேரா நிக்கல, இவன் நம்ம வண்டியை வளைவுல நேரா நிறுத்தித் தர்றானாம்.

“இது ஸ்ட்ரட் பாரும்மா. இந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பர் தலையையும் அந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பர் தலையையும் சேத்துப் பிடிக்கும். பாடி நெளியாது. ஸ்டீரிங் திருப்பின உடனே மூக்கு திரும்பும்”னு எனக்குப் பாடம் எடுத்தான்.

“இப்ப மட்டும் மூக்கு திரும்பாம ஊருக்கு வெளியவா போயிட்டு இருக்கோம்?”னு கேட்டேன். சிரிச்சான். அந்தத் தொப்பிக்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சது நாரிக்குப் பிடிக்கல. பிடிக்கலைன்னாலும் கம்பியை மாட்டிக்கிட்டுத்தான் வந்தான். எஞ்சினுக்கு மேல குறுக்கால, துணி காயப்போடற கம்பியாட்டம், செவச்செவன்னு. அடியில வேற இன்னொரு கம்பி. அது எங்க தெரு முனை பிள்ளையார் கோவில் வேகத்தடையில ‘கர்ர்ர்’னு தேயும். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு நிக்கறவங்க எல்லாம் துள்ளி விழுவாங்க. மூணே வாரம். அடிக்கம்பி வளைஞ்சு போச்சு, கழட்டி மூலையில போட்டான். மேல் கம்பி மட்டும் நின்னுச்சு.

வாரத்துக்கு ஒரு தடவை எஞ்சின் மூடியைத் திறந்து அதைத் துடைப்பான். சாமி படத்தைத் துடைக்கச் சொன்னா நேரமில்லைம்பான்.

“அம்மா, ஸ்டீரிங் பேசுதும்மா”ன்னு சொன்னான் ஒரு நாள். பேசுதாம்! வீட்ல மனுஷி ஒருத்தி நாள் பூரா பேசறேன், அது காதுல விழாது.

நான் ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னு கேளு. எங்க வீட்டுக்காரரு செங்கோடன் இருந்தாரே, அவரு கட்டாத லாரி பாடி கிடையாது. அவரு சொல்லுவாரு, லாரியோட அடிச்சட்டம், அந்த சேஸிஸ், நெளியணும். நெளிஞ்சாத்தான் உசுரோட இருக்கும். அதுக்குத்தான் சேஸிஸ்மேல நேரா பாடியை வைக்காம நடுவுல மரக்கட்டையைக் கொடுத்து, யூ போல்ட் போட்டுக் கட்டுறது. இறுக்கிப் பிடிச்சா ஒரே வருஷத்துல விரிசல் விட்டுரும். இதை நான் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லித் தருவேன். பாடி கட்டுறவன் பையன், இவனுக்குத் தெரியலை பாரு. நெளியற வண்டியை நெளியாம பண்றானாம்.

அப்பத்தான் நம்ம மாப்பிள்ளை நடுவுல வந்தாரு.

மாப்பிள்ளை பேரு மோகனசுந்தரம். என் பொண்ணு பூங்கோதையைக் கட்டினவரு. ஈரோட்டுல ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் வாத்தியாரு. படிச்ச மனுஷன், அமைதியானவரு, மரியாதையா “அத்தைங்க”ன்னு ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்திருந்தாங்க. நான் சேஸிஸ் கதையைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, “அத்தைங்க, நீங்க சொல்றது லாரிக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா இந்த மாதிரி காருக்குத் தனியா சேஸிஸே கிடையாதுங்க. பாடியேதான் சேஸிஸ். அது நெளியாம இருந்தாத்தான் நல்லது”ங்கறாரு.

சேஸிஸ் இல்லாத வண்டியாம்! எலும்பு இல்லாத மனுஷனைப் பாத்திருக்கியா நீ? படிப்பு ஜாஸ்தியானா இப்படித்தான். நான் காப்பி கலக்கப் போயிட்டேன்.

நாரிக்குக் கொண்டாட்டம். “பாத்தியாம்மா, மச்சானே சொல்லிட்டாரு”ன்னு குதிச்சான். மாப்பிள்ளை அவனையும் விடல. “இரு நாரி. கம்பெனியே போதுமான அளவுக்கு விறைப்பாத்தான் செஞ்சிருக்கான். அதுக்கு மேல இந்தக் கம்பி ரேஸ் ஓட்டறவனுக்கு வேணா ஒரு நூல் அளவுக்கு உதவும். கொல்லிமலைக்குப் போயிட்டு வர்றவனுக்கு உதவுமா?”

“உதவுது மச்சான். ஓட்டற எனக்குத் தெரியாதா?”

“அதே வாரம்தானே நாலு டயரையும் மாத்தினே? வீல் அலைன்மென்ட் பண்ணினே? மூணையும் ஒண்ணாப் பண்ணிட்டு, கம்பிதான் வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்றே?”

“உக்காந்து பாத்தாத் தெரியும்.”

“யார் உக்காந்தா?”

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்னைப் பாத்தாங்க.

ஏன்னு கேளு. எங்க வீட்டுக்காரரு புது லாரிக்குப் பாடி கட்டி முடிச்சா முதல் ஓட்டத்துக்கு என்னையும் கேபின்ல ஏத்திக்குவாரு. மோகனூர் ரோட்டுல ஒரு சுத்து. “எப்படி இருக்கு?”ன்னு கேப்பாரு. “பின்னாடி வலது பக்கம் எதுவோ லொடலொடங்குது”ம்பேன். உடனே வந்து ஆளுங்களை விட்டு போல்ட்டை எல்லாம் இறுக்குவாரு. முப்பது வருஷம், ஒரு லாரி விடாம கேட்டிருக்காரு. அது குடும்பத்துக்கே தெரியும். அதனால, அத்தை சொன்னா சரியா இருக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க. நானும் ஒத்துக்கிட்டேன். பெருமைக்காக இல்ல. வீட்ல ஒரு விஷயம் முடிவாகட்டுமேன்னுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு காருல கிளம்பி மலை அடிவாரத்துக்கு வந்தோம். பூங்கோதை குழந்தையை வச்சுக்கிட்டுப் புளியமரத்தடியில பாய் விரிச்சு உக்காந்துட்டா. பத்தாவது வளைவு வரைக்கும் ஏறி இறங்கணும். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை மட்டும் எஞ்சின் மூடியைத் திறந்து, கம்பியை மாட்டுவாரு, இல்ல கழட்டுவாரு. நானும் நாரியும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கணும். ஸ்பேனர் சத்தம் மட்டும் கேக்கும். மாட்டினாரா கழட்டினாரான்னு ஓட்டறவனுக்கும் தெரியக்கூடாது, உக்காந்திருக்கற எனக்கும் தெரியக்கூடாது. நியாயமாத்தான் பட்டுச்சு.

என் பங்குக்கு நான் ஒரு யோசனை பண்ணினேன். மத்தியானச் சோத்துக்குக் கொண்டு போயிருந்த மோரை ஒரு போசியில, அதான் வாயகன்ற சின்னப் பாத்திரத்துல, விளிம்பு வரைக்கும் ஊத்தி, மடியில வச்சுக்கிட்டேன். மூடி போடல. வண்டி எவ்வளவு அலையுதுன்னு மோர் சொல்லிரும்ல? மாப்பிள்ளை அதைப் பாத்து, “நல்ல யோசனைங்க அத்தை”ன்னாரு. அவரு வாயாலயே சொன்னாரு, ஞாபகம் வச்சுக்கோ.

முதல் ஓட்டம். மோர் ததும்பி என் சேலை, சீட்டு எல்லாம் ஆச்சு. நாரி காட்டுத்தனமா ஓட்டறான். ரெண்டாவது ஓட்டம், ஒரு சொட்டு சிந்தல. பஞ்சு மெத்தையில போற மாதிரி. மூணாவது மறுபடியும் சிந்துச்சு. நாலாவது, கோவில் தேர்ல உக்காந்த மாதிரி. எனக்குச் சந்தேகமே இல்ல. இறங்கினதும் சொல்லிட்டேன். “ஒண்ணும் மூணும் கம்பி மாட்டினது. ரெண்டும் நாலும் கம்பி இல்லாதது. இல்லாததுதான் நல்லா இருக்கு.”

நாரியும் அதையேதான் சொன்னான். “ஆமா, ஒண்ணும் மூணும் கம்பியோட. ஆனா அதுதான் நல்லா இருந்துச்சு. வண்டி கையில ஒட்டிக்கிட்டு வந்துச்சு.”

பாரு, அம்மாவும் பையனும் ஒரே மாதிரி கண்டுபிடிச்சிருக்கோம். எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எது நல்லதுங்கறதை அப்புறம் பேசிக்கலாம், கண்டுபிடிச்சோம்ல? மாப்பிள்ளை திரும்பி நடந்தாரு. தன் காரு டிக்கியைத் திறந்தாரு. துண்டுல சுத்தி, அந்தச் செவப்புக் கம்பி படுத்திருக்கு.

முதல் ஓட்டத்துக்கு முன்னாடியே கழட்டிட்டாராம். நாலு தடவையும் வண்டியில கம்பியே இல்லையாம்! வெறும் ஸ்பேனரை வச்சு டக்குடக்குன்னு தட்டிக்கிட்டு நின்னிருக்காரு.

இதுக்குப் பேரு சோதனையா? நீ அறிவியல் டீச்சர், நீ சொல்லு. இதை ஏமாத்துன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? பரீட்சையில கேள்வியே இல்லாத தாளைக் கொடுத்துட்டு, எழுதினவனுக்கு முட்டை போடுவியா நீ?

என்ன? மூணாவது ஓட்டத்துக்கு முன்னாடி மோர் ஊத்தினேனான்னா? ஊத்தினேன். முதல் தடவை சிந்திக் குறைஞ்சு போச்சுல்ல, அதனால மறுபடியும் விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கிட்டேன். ஏன் கேக்கறே?

ஏன் சிரிக்கறே?

அதெல்லாம் இல்ல. குறைஞ்ச போசி சிந்தாது, நிறைஞ்ச போசி சிந்தும்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா அடுப்படியில நிக்கறவ. அதுக்காகச் சிந்தல. வண்டியோட அலைச்சல் எனக்கு இடுப்புல தெரியும். இன்னொண்ணு, ரெண்டாவது ஓட்டத்துலயும் நாலாவது ஓட்டத்துலயும் கண்ணை மூடிக்கிட்டு முருகான்னு சொல்லிக்கிட்டே வந்தேன். ஒண்ணுலயும் மூணுலயும் மோரைப் பிடிக்கவே கை பத்தல, சாமி பேரு வாயில வரல. அதையும் கணக்குல எடுத்துக்கணும்ல? எந்தக் காலேஜ்லயும் அதைச் சொல்லித் தரமாட்டாங்க.

நாரிக்கு மாப்பிள்ளை அங்கேயே விளக்கினாரு. கம்பி இருக்குன்னு அவன் மனசுல பட்டப்ப எல்லாம் தைரியமா அழுத்தி ஓட்டினானாம். அதனால வண்டி கையில ஒட்டின மாதிரி தெரிஞ்சுதாம். நாரி டிக்கியையும் கம்பியையும் மாறி மாறிப் பாத்தான். அப்புறம், “நல்லா ஏமாத்திட்டீங்க மச்சான்”னு சிரிச்சுட்டான். ரெண்டு பேரும் அந்த மிச்ச மோரை ஆளுக்கொரு டம்ளர் குடிச்சாங்க. வெக்கமே இல்ல இந்தக் காலத்துப் பசங்களுக்கு.

ஆக, அந்தக் கம்பி எங்க குடும்பத்தை ரெண்டா உடைச்சது இப்படித்தான்.

என்ன, சிரிச்சாங்கன்னா அப்புறம் எப்படி உடைஞ்சுதுன்னா? இரு, வர்றேன். நீ பசங்களையும் இப்படித்தான் குறுக்குக் கேள்வி கேப்பியா?

திரும்பி வர்றப்ப நான் மாப்பிள்ளை காருல வந்தேன். அந்தத் தக்காளிப்பழத்துல மோர் வாடை. வீட்டுக்கு வந்தேன், படுத்துட்டேன். நாரி வந்து, “ஏம்மா சாப்பிடல?”ன்னான். நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. நாரிகிட்ட மட்டும் சொன்னேன். அப்புறம் ராசிபுரத்துல இருக்கற என் தங்கச்சிகிட்ட. கோவில்ல பூ கட்டுற மாரக்காகிட்ட. அவ்வளவுதான். என்ன சொன்னேன்னா, வழி பூரா மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே வந்தாரு, ‘பட்டிக்காட்டு மாமியார் மோரை வச்சு இன்ஜினியரிங் பாக்குது’ன்னு பூங்கோதைகிட்டச் சொன்னாரு, அப்படின்னு.

நாரிக்கு முகம் கறுத்துப் போச்சு. அப்பவே போனை எடுத்தான். “எங்கம்மாவைச் சிரிக்க நீங்க யாரு?”ன்னு கத்தினான். அவரு அந்தப் பக்கம் ஏதோ சொல்றாரு, இல்ல இல்லங்கறாரு. நாரி என்ன சொன்னான் தெரியுமா? “எங்கம்மா பொய் சொல்ற ஆளா? சாமி கும்பிடாம தண்ணி குடிக்காதவங்க எங்கம்மா!” அப்படிக் கேட்டான் கண்ணு. பெத்த வயிறு குளிர்ந்து போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நாலு மாசம் ஆச்சு. பூங்கோதையும் பொறந்த வீட்டு வாசலை மிதிக்கல.

இன்னைக்குப் பேத்தி ஆதிரைக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் மலைமேல இருக்கு. பத்தரை மணிக்கு. அவங்க நேத்தே மேல போயிட்டாங்க. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்னு உனக்குத் தெரியும்ல? இருக்கறது ஒரே தாய்மாமன். அவன் வரமாட்டேன்னுட்டான். அவங்க வீட்ல இருந்து மரியாதையா வந்து கூப்பிடலையாம். எப்படிக் கூப்பிடுவாங்க, இவன்தான் போனை எடுக்கறதே இல்லையே. காலையில கிளம்பறப்ப அவன் கதவைத் தட்டினேன். திறக்கல. இன்னும் தூங்கறான்போல. நான் பாட்டுக்கு பஸ் ஏறிட்டேன்.

மாப்பிள்ளையோட பெரியப்பா பையன் ஒருத்தன் இருக்கான், அவன் மடியில வச்சுக் குத்திக்கலாம்னு அங்க பேச்சாம். அப்பன் வீட்டு ஆளு மடியில! என் பேத்தி பெரியவளாகிக் காதைத் தொடும்போதெல்லாம், எந்த மாமன் மடியிலன்னு கேக்க மாட்டாளா? பத்தாததுக்கு நேத்து சாயந்தரம் பூங்கோதை போன் பண்ணி, “அம்மா, அன்னைக்கு நீ தம்பிகிட்ட என்னதான் சொன்னே?”ன்னு என்னையே கேக்கறா. பெத்த தாயைக் குறுக்கு விசாரணை பண்றா. எல்லாம் அந்தக் கம்பியால வந்த வினை. ஒரு முழம் இரும்பு கண்ணு. அது வண்டியையும் பிடிக்கல, ஒண்ணையும் பிடிக்கல.

நீ என்ன கேட்டே?

இல்ல, சத்தத்துல சரியா கேக்கல. மறுபடியும் சொல்லு.

அவரு சிரிச்சதை நான் பாத்தேனான்னா? நான் பின் சீட்டுல இருந்தேன். அவரு முன்னால பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தாரு. முகம் எப்படித் தெரியும்? பேச்சுல தெரியும்ல. பேசினாரு. பேசாம வருவாரா? “அத்தைங்க, மனசுல வச்சுக்காதீங்க. உங்களைச் சோதிக்கணும்னு பண்ணல. யாரை உக்கார வச்சாலும் இப்படித்தான் ஆகும், என்னை உக்கார வச்சிருந்தாலும் நானும் ஒண்ணு மூணுன்னு எதையாச்சும் சொல்லியிருப்பேன். எங்க காலேஜ்ல பெரிய பெரிய ஆளுங்களுக்கே ஆகியிருக்கு. உங்க முன்னாடி டிக்கியைத் திறந்தது தப்பு. மன்னிச்சுக்குங்க”ன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. நானும், “அதுக்கென்ன மாப்பிள்ளைங்க, விளையாட்டுதானே”ன்னு சொல்லிட்டேன்.

இதுல சிரிப்பு எங்க இருக்குங்கறியா?

நீ சின்னப் பொண்ணு. உனக்குப் புரியாது. மன்னிப்புக் கேக்கறது சிரிக்கறதை விட மோசம். சிரிச்சாச் சண்டை போடலாம். “யாரை உக்கார வச்சாலும் இப்படித்தான்”னு ஒரு மனுஷன் அன்பாச் சொன்னா அவன்கிட்ட என்ன பண்ண முடியும்? நான் ‘யாரோ’ இல்ல கண்ணு. நான் செங்கோடன் பொண்டாட்டி. முப்பது வருஷம் கேபின்ல உக்காந்து, இங்க லொடங்குது, அங்க இழுக்குதுன்னு சொன்னவ. அன்னைக்கு அந்த காருல வர்றப்ப வழி பூரா எனக்கு ஒரே யோசனை. இல்லாத கம்பியை இருக்குன்னு சொன்னவளாச்சே நான். அப்ப அந்த லாரியில எல்லாம்? நான் சொன்னேன்னு அவரு போல்ட்டை இறுக்கினாரே, அங்க நிஜமாவே லொடங்குச்சா? இல்ல, எப்படியும் எல்லா போல்ட்டையும் இறுக்கத்தான் போறோம், இவளையும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்னு கேட்டாரா? யாருகிட்டப் போய்க் கேக்கறது இப்ப? அந்த மனுஷன் போயி நாலு வருஷம் ஆச்சு.

வீட்டுக்கு வந்து படுத்தேன். நாரி வந்து ஏம்மான்னு கேட்டான். இதை எப்படி அவன்கிட்டச் சொல்றது? சிரிச்சாருன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. வாயில வந்துருச்சு. வந்ததுக்கப்புறம் அந்தப் பட்டிக்காட்டு மாமியார் வசனமும் தானா வந்துருச்சு. நானே ஆச்சரியப்பட்டேன், எங்க இருந்து வருதுன்னு.

என்னை அப்படிப் பாக்காதே.

நாலு மாசமாத் தினமும் முருகன்கிட்ட வேண்டிக்கிறேன், ரெண்டு பேரையும் சேத்து வைன்னு. ஒரு நாள் தவறினதில்ல. அவரு என்ன பண்றாருன்னே தெரியல.

பஸ் நின்னுருச்சா? காரவள்ளியா? டீக்குப் பத்து நிமிஷம் நிக்கும். இதுக்கு மேல ஏற ஆரம்பிச்சா போன்ல டவர் இருக்காதுல்ல? நீ தினமும் வர்றியே, உனக்குத் தெரியும். மேல போனா கிடைக்குமா? மேல போயி என்ன பிரயோஜனம், இப்பக் கிளம்பினாத்தானே அவன் பத்தரைக்கு வந்து சேர முடியும். மணி என்ன? எட்டா? எட்டு அஞ்சா?

அவன் எந்திரிச்சிருக்க மாட்டான். எந்திரிச்சாலும் எடுக்க மாட்டான்.

இந்தா, இந்த எழுத்து எனக்குப் பொடிசாத் தெரியுது. நாரின்னு இருக்கும் பாரு. அதைக் கொஞ்சம் அமுக்கிக் கொடு. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, பஸ் வந்து சேந்துச்சுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அலோ. நாரி. அம்மாடா. அடிவாரத்துல இருக்கேன். சாப்பிட்டியா? தோசை மாவு கீழ் தட்டுல இருக்கு. இல்ல, நல்லாத்தான் இருக்கேன். பக்கத்துல ஒரு டீச்சர். ஆமா. நாரி, கேளு. வச்சுராதே. அன்னைக்கு கார்ல மாப்பிள்ளை சிரிக்கலடா.

கேக்குதா? சிரிக்கல. ஒண்ணுமே சொல்லல. மன்னிப்புத்தான் கேட்டாரு. நான்தான் சொன்னேன். ஆமா, நான்தான். இல்லடா, யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்.

நாரி? இருக்கியா?

…

வச்சுட்டான்.

இல்ல, திட்டல. “ஏம்மா?”ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டான். அப்புறம் சொல்றான், “அஞ்சு மணியிலிருந்து பட்டு வேட்டி கட்டிட்டு, பாப்பா தோட்டைச் சட்டைப் பையில வச்சுட்டு, கட்டில்ல உக்காந்திருக்கேம்மா. நீ கதவைத் தட்டினப்பவும் உக்காந்துதான் இருந்தேன். யாராச்சும் கூப்பிடுவீங்களான்னு பாத்துக்கிட்டு.” சாவியை எடுக்கற சத்தம் கேட்டுச்சு. மெதுவா வாடான்னு சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ள வச்சுட்டான்.

வேட்டி கட்டிட்டு உக்காந்திருந்தானாம், முட்டாள். கதவைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

நீ போயி டீ குடிச்சுட்டு வா கண்ணு. எனக்கு வேண்டாம். நான் இங்கேயே உக்காந்திருக்கேன். மேல போய் இறங்கினா பந்தல் வாசல்ல மாப்பிள்ளைதான் நிப்பாரு, கையைப் பிடிச்சு “வாங்க அத்தைங்க”ம்பாரு. அவருகிட்டயும் சொல்லணும்ல. அதுக்குள்ள ஒரு வார்த்தை யோசிக்கணும்.